சவுக்குத் தோப்புப் பாதைக்கான பொது அறிவிப்பு

இந்தியக் குடியரசின் எதிர்காலத்தை அடியோடு திருத்தியமைக்கும் முடிவொன்று, 1999ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், செங்கல்பட்டில், மின்விசிறி இருந்தும் மின்சாரம் இல்லாத ஒரு கூட்ட அறையில் எடுக்கப்பட்டது. வரலாறு இதை இன்னும் குறித்துக்கொள்ளவில்லை. அந்தக் குறையை இங்கே தீர்த்து வைக்கிறோம். முடிவு இதுதான்: ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியர் இனிமேல் குடிமையியலை மனப்பாடம் செய்யக் கூடாது, செய்து பார்க்க வேண்டும். பள்ளிக்கு ஒரு செய்முறை. ஆண்டாய்வுக்கு வரும் அதிகாரி அதைக் கண்ணால் காண வேண்டும். கண்டு, திருப்தி என்று எழுத வேண்டும். வந்திருந்த தலைமையாசிரியர்களுக்கு ஆளுக்கு ஒரு சமோசாவும் ஒரு சுற்றறிக்கையும் வழங்கப்பட்டன. சமோசாவில் என்ன இருக்கிறது என்று மட்டும் சிலர் பிரித்துப் பார்த்தார்கள்.

உப்புக்கேணி அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் தனகோடி இரண்டையுமே பிரிக்காமல் ஏற்றுக்கொள்பவர். மறுநாள் காலைக் கூட்டத்தில், “இன்று முதல் நீங்கள் மாணவர்கள் அல்லர், குடிமக்கள்” என்று அறிவித்தார். வெயிலில் நின்றிருந்த குடிமக்களில் ஒருத்தி மயங்கி விழுந்தாள். அவளை நிழலில் கிடத்திவிட்டுப் பேச்சு தொடர்ந்தது.

உப்புக்கேணி, புதுப்பட்டினத்துக்குத் தெற்கே கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர். ஊர் சாலைப் பக்கம், பள்ளி கடற்பக்கம். வேறு எதற்கும் உதவாத நிலத்தைத்தான் கல்விக்குக் கொடுப்பார்கள் என்பதால் அப்படி அமைந்தது. நடுவில் தனியாருடைய சவுக்குத் தோப்பு. தோப்புக்குள் வளைவே இல்லாத ஒற்றைப் பாதை. சாலையோர முனையில் ஒரு கல் தூண், அதற்கு எதிரே சரோஜாவின் டீக்கடை.

பகலில் அந்தப் பாதையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பொழுது சாய்ந்தால் கடற்காற்று கிளம்பும். மற்ற மரங்களைப்போல சலசலக்கச் சவுக்குக்குத் தெரியாது. அது மூச்சு விடும். நீளமாக, ஒரே சீராக, பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல. உதிர்ந்த ஊசிகள் மெத்தையாகக் கிடப்பதால் காலடிச் சத்தம் எழாது. நடப்பவருக்குத் தன் காலடியே கேட்காது.

குடிமையியல் செய்முறை, சமூக அறிவியல் ஆசிரியை சியாமளாவின் தலையில் விழுந்தது. அவள் அணுபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். கணவர் கோபாலகிருஷ்ணன் அணுமின் நிலையத்தில் விஞ்ஞானி, வீட்டிலும் விஞ்ஞானிதான். சியாமளா அதிகம் யோசிக்காமல் ‘பொது அறிவிப்பு தயாரித்தல்’ என்பதைத் தேர்ந்தெடுத்தாள். பணம் செலவில்லை, குழந்தைகளை எங்கும் அழைத்துப் போக வேண்டாம்.

“மேல அலுவலகம், அப்புறம் நாள், பொருள், விஷயம். கடைசியில எச்சரிக்கை. விஷயம் என்னவா வேணும்னாலும் இருக்கட்டும், வடிவம் சரியா இருக்கணும்” என்றாள் வகுப்பில்.

“விஷயமே இல்லன்னா டீச்சர்?” என்று கேட்டாள் சுஜாதா. வேன் டிரைவர் மோகனின் மகள்; கேள்வி கேட்டுவிட்டு உட்கார மறந்துபோகிற பெண்.

“அப்பவும் வடிவம் இருக்கணும்.”

சுஜாதாவுக்கு விஷயம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. அவள் தோழி லதாவுக்குத் தோப்பில் நடக்கும்போது நாலடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்க்கிற வழக்கம். அதனால் இருவரும் தினமும் வீட்டுக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினார்கள். சுஜாதா எழுதினாள்: ‘சவுக்குத் தோப்புப் பாதையில் மாலை ஆறு மணிக்கு மேல் செல்வோர் எக்காரணம் கொண்டும் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது. மீறினால் ஏற்படும் விளைவுகளுக்கு நிர்வாகம் பொறுப்பாகாது.’

லதா எட்டிப் படித்தாள். “ஏய், என்னியத்தான எழுதிக்கீற.”

“ஆமா. இனிமே திரும்பினின்னா நிர்வாகம் பொறுப்பாவாது, பாத்துக்க.”

தனகோடி அதை இரண்டு முறை வாசித்தார். “பொருள் சற்று விசித்திரம். ஆனால் வடிவம், அடடா” என்று தட்டச்சு செய்ய வைத்தார். பள்ளியின் வட்ட முத்திரையை ஊதா மையில் குத்தினார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து பச்சை மைப் பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார். உயர் அதிகாரிகளுக்கே உரிய பச்சை மையில் கையெழுத்திடும் தகுதி தனக்கு உண்டா என்பதில் அவருக்கே ஐயம் இருந்தது. அதனாலேயே கையெழுத்து வழக்கத்தைவிடப் பெரிதாக விழுந்தது.

ஆய்வுநாள் காலையில் அலுவலக உதவியாளர் கண்ணாயிரம் பசைச் சட்டியோடு வந்து நின்றார். “சார், போர்டுக்கு நேத்துதான் சுண்ணாம்பு அட்ச்சாங்க. காயல. எங்க ஒட்றது?”

“அதிகாரியின் கண்ணில் முதன்முதலில் படும்படி ஒட்டும்.”

கண்ணாயிரம் சொன்னதைச் செய்கிறவர். அதிகாரியின் ஜீப் மணலில் இறங்காது; சாலையிலேயே நின்றுவிடும். ஆக, அவர் கண்ணில் முதலில் படப்போவது கல் தூண். அங்கே ஒட்டினார். அறிவிப்புக்கு மேலே வைப்பதற்காக ‘செய்முறைப் பயிற்சி, ஒன்பதாம் வகுப்பு’ என்று சுஜாதா எழுதிய அட்டை தனியாக இருந்தது. அதை ஒட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

அதிகாரி வந்தார். தூணின் முன் நின்று படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். ஒன்றும் கேட்காமல் தோப்புக்குள் நடந்தார். அன்று முழுவதும் அவர் கேட்ட கேள்விகளில் அவருக்கே ஆர்வம் இல்லை. அடிக்கடி ஜன்னல் வழியாகத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடிமையியல் செய்முறை எங்கே என்று கேட்கவே மறந்துபோனார். கிளம்பும்போது ஆறு தாண்டி, தோப்பு கறுத்துவிட்டது.

அதிகாரி பாதி வழி போனபிறகு தனகோடி பின்னால் ஓடினார். “சார், கைப்பையை விட்டுவிட்டீர்கள்.”

அதிகாரி நிற்கவில்லை. திரும்பவும் இல்லை. கழுத்து மட்டும் கொஞ்சம் விறைத்தது.

“சார், கைப்பை.”

நடை வேகமாயிற்று. கடைசியில் தனகோடி மரங்களுக்குள் புகுந்து, முள் கிழித்து, சுற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் வந்து நின்று பையை நீட்டினார். அதிகாரி வேர்த்திருந்தார்.

“நீங்கதானா” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எவ்வளவு நாளா இப்படி?”

உண்மையைச் சொல்ல ஒரு தலைமையாசிரியருக்கு வாழ்க்கையில் சில நொடிகள்தான் கிடைக்கும். தனகோடிக்கு அது கிடைத்தது. “கொஞ்ச நாளாகத்தான் சார்” என்றார்.

ஆய்வறிக்கையில், ‘மாணவர் பாதுகாப்புக் கருதித் தோப்புப் பாதையில் எடுக்கப்பட்டுள்ள நடவடிக்கை பாராட்டத்தக்கது’ என்று ஒரு வரி ஏறியது. அந்த வரிக்குப் பிறகு அது செய்முறை இல்லை.

அதிகாரி வியர்த்து விறுவிறுத்து ஜீப்பில் ஏறியதைச் சரோஜாவின் டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அவர் போனபிறகு தூணருகே போய் நின்று படித்தார்கள்.

“இன்னாக்கா இது, பேய் கீய் நடமாடுதா?” என்றார் ஒருவர்.

சரோஜா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: “பேய்க்கு எவன்யா கவர்மென்ட் சீல் குத்துவான்? பேயின்னா பூசாரி பாத்துக்கினு போவான். இது வேற இன்னமோ.”

அந்த ‘வேற இன்னமோ’ அன்று மாலையே ஊருக்குள் குடிவந்தது. பேயாக இருந்திருந்தால் உப்புக்கேணி சமாளித்திருக்கும். பேய்க்குப் பெயர் உண்டு, இறந்த தேதி உண்டு, பிடித்த பலகாரம் உண்டு. இதற்கு எதுவும் இல்லை. அணு உலையிலிருந்து கசிந்தது என்றார்கள், கடலிலிருந்து ஏறியது என்றார்கள். அவ்வளவு விவரமாகப் பேசியவர்களும், காரணத்தைப் பள்ளியில் போய்க் கேட்டுவரலாம் என்று சொல்லவில்லை. பச்சை மை போட்டவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

தோப்பிலிருந்து வெளியே வருகிறவர்களைச் சரோஜா கடையிலிருந்தபடியே பார்ப்பாள். எல்லோருக்கும் ஒரே நடை வந்திருந்தது. கழுத்து அசையாது, கண் இமைக்காது, கை இரண்டும் உடம்போடு ஒட்டியிருக்கும். தூணைத் தாண்டிச் சாலையில் கால் வைத்த பிறகுதான் மூச்சு வரும். மொபெட் வைத்திருந்தவர்கள் பக்கக் கண்ணாடியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டார்கள். கண்ணாடி இல்லாததற்குப் போலீஸ் அபராதம் போட்டது. கட்டினார்கள். ஒட்டிய கண்ணாயிரமே சைக்கிளில் போகும்போது கழுத்தைத் திருப்பவில்லை.

“நீதான அண்ணாத்த ஒட்டின?” என்று கேட்டாள் சரோஜா.

“ஒட்னது நானு. போட்டது கவர்மென்ட்டு. ஒட்னவனுக்குச் சலுகை இன்னான்னு அதுல ஒண்ணும் எழுதல.”

திரும்பாமல் நடக்கத் தொடங்கிய பிறகுதான் சத்தம் கேட்கத் தொடங்கியது. காலடிச் சத்தமே எழாத தரையில் காலடிச் சத்தம். நடந்தால் கூடவே வரும். நின்றால், ஒரு கணம் பிந்தி நிற்கும். முதலில் ஒருவர் சொன்னார், பிறகு எல்லோரும் சொன்னார்கள், பிறகு யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் போனதுதான் சியாமளாவைத் தொந்தரவு செய்தது. மாலை மணி அடித்ததும், ஆறாக இன்னும் வெகுநேரம் இருந்தும், பிள்ளைகள் இரட்டை வரிசையில், ஒரு சொல் பேசாமல், தோப்புக்குள் நுழைவதை அவள் வராந்தாவில் நின்று பார்ப்பாள். எந்த உத்தரவுக்கும் அந்தப் பள்ளியில் அப்படி ஒரு வரிசை அமைந்ததில்லை. கடைசியில் ஒரு ஆறாம் வகுப்புப் பொடிசு, செருப்பு அறுந்து, அழுதுகொண்டே பின்தங்குவான். முன்னால் போகிற ஒரு தலையும் திரும்பாது.

டிசம்பர் தொடக்கத்தில் மழை விட்டிருந்த ஒரு மாலை, சுஜாதாவும் லதாவும் தோப்பில் நடந்தார்கள். வழக்கம்போல சுஜாதா முன்னால். எழுதியவளே அவள்தான், ஆனால் ஊரே நடக்கிற மாதிரி அவளும் நடக்கப் பழகிவிட்டாள். பாதி வழியில் பின்னாலிருந்து, “சுஜா, நில்லுடி, கால் சுளுக்கிக்கிச்சு” என்று லதாவின் குரல் கேட்டது. சுஜாதா நின்றாள். திரும்பவில்லை. “வாடி” என்றாள் முன்னே பார்த்தபடி. மறுபடி, “சுஜா” என்று கேட்டது, இந்த முறை காதுக்குப் பக்கத்தில். சுஜாதா ஓடினாள்.

சாலைக்கு வந்தபோது லதா டீக்கடையில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள்.

“எப்ப வந்த?” என்றாள் சுஜாதா.

“நான் உனக்கு முன்னாலதானடி நடந்துகினு இருந்தேன். பின்னாலேர்ந்து நீதான் ‘லதா, நில்லு, கால் சுளுக்கிக்கிச்சு’ன்னு கூப்ட்ட. திரும்பக் கூடாதுன்னு ஓடியாந்துட்டேன்.” லதா பன்னைக் கீழே வைத்தாள். “கூப்டலியா நீ?”

சரோஜா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதாவது, இரவுச் சாப்பாட்டுக்குள் ஊர் கேட்டுவிட்டது.

மோகன் மறுநாள் மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு. மாலைச் சிறப்பு வகுப்பு முடிய ஆறு தாண்டும். “பொண்ணு ஒம்போது படிச்சது போதும். படிச்சு இன்னா, கலெக்டராவா ஆவப்போது?” என்றான். சுஜாதா அழுதுகொண்டே, அதை எழுதியதே தான்தான் என்று சொல்லிப் பார்த்தாள். தாய் சின்னப்பொண்ணு கன்னத்தில் ஒன்று விட்டாள். கவர்மென்ட் போட்டதைத் தான் போட்டதாகச் சொல்கிற பெண்ணை வேறு என்ன செய்வது?

சியாமளா மோகனின் வீட்டுக்குப் போனாள். வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“மோகன், அது வகுப்புல நான் குடுத்த பாடம். உங்க பொண்ணு எழுதினது. அதுல உண்மை ஒண்ணுமில்ல.”

“அப்ப அந்த சீலு?”

“அது ஸ்கூல் சீல்.”

“பச்ச இங்க்கு?”

சோப்புத் தண்ணீர் ஓடிவர, சியாமளா ஓரடி தள்ளி நின்றாள்.

“அது உண்மையில்லன்னா, பெரிய ஆபீஸரு ஏன் டீச்சர் திரும்பாம ஓடினாரு? அவுரு படிக்காதவரா?” மோகன் வாளித் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றினான். “உங்க மேல கோவம் இல்ல டீச்சர். நீங்க வெளியூரு.”

அவள் தலைமையாசிரியரிடம் போனாள். அறிவிப்பைக் கிழித்துவிடலாம் என்றாள். தனகோடி கதவைச் சாத்திவிட்டு ஆய்வறிக்கையைக் காட்டினார். “பாராட்டப்பட்ட நடவடிக்கையை ரத்து செய்தால் விளக்கம் கேட்பார்கள். விளக்கம் என்று ஒன்று நம்மிடம் இருக்கிறதா?” பிறகு ஜன்னலையும் சாத்தினார். “மேலும், டீச்சர், நானும் அந்தப் பாதையில்தான் போகிறேன். காகிதத்தைக் கிழித்துவிடலாம். அது தெரிந்துகொள்ளுமா?”

அவள் ‘எது’ என்று கேட்கவில்லை. காகிதம் அந்த வார மழையில் தானே கரைந்து போயிற்று. தூணில் ஊதாக் கறை மட்டும் மிஞ்சியது. ஊர், காகிதம் இருந்தபோது நடந்ததைவிட இன்னும் விறைப்பாக நடந்தது.

கோபாலகிருஷ்ணன் சிரித்தார். ஞாயிறு மாலை ஸ்கூட்டரில் வந்து, மனைவியோடு பாதை முழுக்க நடந்து காட்டினார். சவுக்கு ஊசியின் குறுக்களவு, காற்றின் வேகம், தாழ்ந்த அதிர்வெண் ஒலி மனித நரம்புகளில் உண்டாக்கும் விளைவு என்று கைகளை வீசி விளக்கிக்கொண்டே போனார். விளக்கம் பாதியில் நின்றது. சியாமளாவுக்கும் கேட்டது. நடந்தால் கூட வந்தது. நின்றால் ஒரு கணம் பிந்தியது.

“திரும்பிப் பாருங்களேன்” என்றாள்.

“திரும்பிப் பார்க்கவேண்டிய அவசியம் விஞ்ஞானரீதியா கிடையாது” என்றார் அவர், நேராகப் பார்த்தபடி. அன்று படுக்கும்போது தலையணையைச் சுவரோரம் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் சியாமளா மோகனிடம் திரும்பவும் போனாள். நான் அந்தப் பாதையில் நடந்து, நடுவில் நின்று திரும்பிப் பார்க்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் சுஜாதாவை அனுப்புவீர்களா என்று கேட்டாள்.

மோகன் சொன்னான்: “நான் என் கண்ணால பாக்கணும்.”

“பாருங்க. ஊரையே கூட்டிட்டு வாங்க.”

“பாத்துட்டு, நல்லபடியா வெளிய வந்துட்டீங்கன்னா, நாளைக்கே அனுப்பறேன். என் பேச்சு மாறாது.”

“நானும் டீச்சர் கூட வரேன்” என்றாள் சுஜாதா உள்ளேயிருந்து. “எழுதினவ நானு.”

சின்னப்பொண்ணு கையை ஓங்கினாள். மோகன் தடுத்தான். “முன்னால நடக்கட்டும். முன்னால போறவங்களுக்கு ஒண்ணுமில்ல. பின்னாலதான் பேஜாரு.”

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் பஸ் நின்றும் யாரும் ஏறவில்லை. தூணருகே ஊர் திரண்டு தோப்பைப் பார்த்து நின்றது. பள்ளிப் பக்கத்திலிருந்து சியாமளாவும் சுஜாதாவும் நுழைந்தார்கள். பாதை நேர்கோடு என்பதால், அத்தனை தூரத்திலும் முனையில் நிற்கும் கூட்டம் கைக்குட்டை அளவில் தெரிந்தது. அந்தக் கைக்குட்டையைப் பார்த்தபடியே சியாமளா நடந்தாள். சுஜாதா பத்தடி முன்னால், இரண்டு கைகளையும் பாவாடையோடு ஒட்டவைத்துக்கொண்டு.

காற்று எழுந்தது. தோப்பு மூச்சு விட்டது. பிறகு அது ஒத்துக்கொண்டு வரத் தொடங்கியது. அவள் காலுக்கு ஒரு கால், மெதுவாக, பழகின ஆள் துணைக்கு வருவதுபோல. அவள் நின்றாள். அது ஒரு கணம் பிந்தி நின்றது. கழுத்தைத் திருப்ப நினைத்தாள். கழுத்து அவளுடையதாக இல்லை. பதினாறு வருடமாக ‘சட்டம் என்றால் என்ன’ என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவளுக்கு அதற்கான விடை தோள்பட்டைகளுக்கு நடுவே எங்கேயோ இறுகிக் கிடப்பது தெரிந்தது.

“டீச்சர்.”

பின்னாலிருந்து. சுஜாதாவின் குரல்.

முன்னால் சுஜாதா போய்க்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்ததா என்று தெரியாது, பின்னல்தான் தெரிந்தது.

“டீச்சர், நான் நாளைக்கு ஸ்கூலுக்கு வரட்டா?”

சியாமளா திரும்பினாள்.

ஒன்றுமில்லை. பாதை, அதன் மேல் பழுப்பு ஊசிகள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரங்கள், தூரத்தில் பள்ளி வராந்தாவின் மஞ்சள் பல்பு. ஒரு பாதையை அத்தனை காலியாக அவள் பார்த்ததில்லை. இப்போதுதான் யாரோ எழுந்து போன நாற்காலியைப்போல இருந்தது. சத்தமும் இல்லை. நின்று, நன்றாக, போதும் என்கிற வரைக்கும் பார்த்தாள். தரையில் அவள் கால்கள் அழுத்தி வந்த இடங்களில் ஊசிகள் மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தன. அவ்வளவுதான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வெற்றி.

முன்பக்கம் திரும்பினாள்.

சுஜாதா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்கும் அப்பால், தோப்பின் முனையில், மோகன், சின்னப்பொண்ணு, லதா, கண்ணாயிரம், சரோஜா, கைக்குழந்தைகள் உட்பட ஊர் முழுவதும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தது. ஒருவர்கூட அசையவில்லை. குழந்தைகளின் தலையைத் தாய்மார்கள் கையால் பிடித்து மறுபக்கம் திருப்பியிருந்தார்கள்.

அந்த முதுகுகளை நோக்கித்தான் அவள் மிச்சப் பாதையை நடக்கவேண்டியிருந்தது. பின்னால் காலடி கேட்க நடந்த தூரத்தைவிட அது நீளமாக இருந்தது. தூணைத் தாண்டிய பிறகும் யாரும் திரும்பவில்லை. அவளே சுற்றிக்கொண்டு போய் அவர்கள் முகத்துக்கு முன்னால் நின்றாள்.

“பார்த்தீங்களா?”

மோகன் தலை குனிந்தான். “நீங்க கழுத்த அசைக்கிற மாதிரி தெரிஞ்சிது டீச்சர். அப்பவே திரும்பிட்டோம்.”

“ஏன்?”

சரோஜாதான் பதில் சொன்னாள். “பாக்கக் கூடாதுன்னு போட்டுகீது. பாக்கறவங்கள நாங்க பாக்கலாமா கூடாதான்னு அதுல போடலியேம்மா. எதுக்கு வம்பு?”

“நான் பார்த்தேன். ஒண்ணுமே இல்ல அங்க. சுஜா, நீ சொல்லு.”

சுஜாதா செருப்பைப் பார்த்தாள். “நான் முன்னால இருந்தேன் டீச்சர். திரும்பல.”

“என்னைக் கூப்பிட்டியா நீ?”

“இல்லியே டீச்சர்” என்றாள் சுஜாதா. “நீங்கதான் பின்னாலேர்ந்து ‘நாளைக்கு வா’ன்னு சொல்லிக்கினே வந்தீங்க.”

கூட்டம் மெதுவாக இரண்டடி விலகியது. சியாமளாவிடமிருந்து.

மோகன் பேச்சு மாறாதவன். என் கண்ணால் பார்க்கவில்லை என்றான், மகளை அனுப்பவில்லை. அரையாண்டுத் தேர்வில் சுஜாதாவின் இடம் காலியாக இருந்தது. சியாமளாவை அதன்பிறகு ஊரில் யாரும் நேருக்கு நேர் பார்க்கவில்லை. மரியாதையாக, கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்துப் பேசினார்கள். பஸ்ஸில் அவளுக்குப் பின் இருக்கை காலியாகவே வந்தது. அவளும் அதைத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

பொங்கல் முடிந்த வாரம் தோப்புக்காரர் ஆட்களோடு வந்தார். சவுக்கு என்பது நட்டு ஐந்தாறு வருடத்தில் வெட்டுகிற பயிர். இது அதன் வருடம். மரங்கள் பூராவும் விழுந்தன. கழிகளை ஏற்றிய லாரிகள் சென்னையை ஒட்டிய நாவலூர்ப் பக்கம் போயின. அங்கே கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. சாரம் கட்டக் கழி தேவைப்பட்டது. உப்புக்கேணியிலிருந்து பார்த்தால் பள்ளியும் அதன் பின்னால் கடலும் பளிச்சென்று தெரிந்தன. நடுவில் வெறும் மணல்.

“மரமே இல்ல, அப்புறம் இன்னா” என்றான் மோகன். சுஜாதா பள்ளிக்குத் திரும்பினாள். பத்தாம் வகுப்புக்குப் போனாள். மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து, பிள்ளைகள் இரட்டை வரிசையில், வெட்டவெளி மணலில், மறைய ஒரு புதர்கூட இல்லாத இடத்தில், கழுத்தை அசைக்காமல் வீட்டுக்குப் போனார்கள்.

அந்த ஆண்டு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது: ஒரு கடலோரப் பள்ளியின் முன்மாதிரி நடவடிக்கையைப் பிற பள்ளிகளும் தத்தம் சூழலுக்கேற்பப் பின்பற்றலாம். மாதிரி அறிவிப்பு இணைக்கப்பட்டிருந்தது. வடிவம் சரியாக இருந்தது. காலாண்டு விடுமுறையில் சென்னைக்குப் போகும்போது சியாமளா பஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள், நாவலூரில், புதிதாகக் கட்டும் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குப் பக்கத்துச் சந்தின் முனையில். வேறு முத்திரை, வேறு கையெழுத்து. இந்தப் பச்சை உண்மையான பச்சை. சந்துக்குள்ளிருந்து கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளைஞர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள், கைகளை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு.

2001 மார்ச்சில் சுஜாதா அரசுப் பொதுத்தேர்வு எழுதினாள். சமூக அறிவியல் வினாத்தாளில், ‘சட்டத்துக்குக் கீழ்ப்படிதல் குடிமகனின் கடமை: விளக்குக’ என்ற பெரிய கேள்வி வந்திருந்தது.

அவள் அதைச் சாய்ஸில் விட்டுவிட்டாள்.